மருந்துக்கு சாகாத கிருமி பக்கெட் தண்ணீரில் சாகிறதா? தரமணி கிளப்பிய கேள்விக்கு ஆஸ்பத்திரிகள் என்ன பதில் சொல்லும்?

சென்னை, தரமணி:-

காலில் கட்டு போட ஆஸ்பத்திரிக்கு போனவர் நிமோனியாவோடு தீவிர சிகிச்சை வார்டில் கிடக்கிறார். பிரசவத்துக்கு போன பெண் தையல் போட்ட இடத்தில் சீழ் கட்டி மறுபடியும் அட்மிட் ஆகிறார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது சார். நாலாம் நாள் குளிர் காய்ச்சல் வந்துச்சு. அதோட சரி" என்று வராந்தாவில் உட்கார்ந்து உறவுக்காரர்கள் கண்ணை கசக்குகிறார்கள்.

இதற்கு தலையெழுத்து என்று பெயர் இல்லை. "ஆஸ்பத்திரி தொற்று" என்று பெயர். வந்த நோய் ஒன்று, வாங்கிக்கொண்டு போகும் நோய் வேறொன்று!

உலக சுகாதார நிறுவனம் 2022-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இது:- பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 7 பேருக்கு உள்ளேயே ஏதாவது ஒரு தொற்று பிடிக்கிறது. வளரும் நாடுகளில் 100-க்கு 15 பேர். அப்படி பிடித்தவர்களில் சராசரியாக 10-ல் ஒருவர் பிழைப்பதில்லை.

இதில் பெரும்பகுதியை தடுத்துவிட முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. கை கழுவுதல், சுத்தம், கிருமிநாசினி. இவ்வளவுதான் மருந்து.

ஆனால், அந்த கிருமிநாசினி உண்மையிலேயே கிருமியை கொல்கிறதா? அதை யார் பார்த்தார்கள்? எப்போது பார்த்தார்கள்?

தரமணியில் பிடிபட்டது

இந்த கேள்வியை கேட்க தரமணியை விட பொருத்தமான இடம் கிடையாது.

பறக்கும் ரெயிலில் வந்து தரமணியில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் கம்பெனிகளை பார்த்து நடப்பார்கள். அதே தரமணியில்தான் சென்னை பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.முதலியார் முதுகலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் சாதாரண காலேஜ் கட்டிடம். ஆனால் 2010-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உலகமே இந்த கட்டிடத்தின் பெயரை படித்தது.

"லேன்செட்" குழுமத்தின் தொற்றுநோய் பத்திரிகையில் அந்த மாதம் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயராக இருந்தவர் தரமணி நிலையத்தின் நுண்ணுயிரியல் துறையை சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இங்கிலாந்து, பாகிஸ்தான் உள்பட பல இடத்து ஆராய்ச்சியாளர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள்.

கட்டுரை சொன்னது என்ன? "என்.டி.எம்.-1" என்ற மரபணுவை சுமக்கும் கிருமிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, இங்கிலாந்தில் 37, இந்தியா-பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 பிடிபட்டன. மொத்தம் 180. பெரும்பாலானவை கிளெப்சியெல்லா, ஈ-கோலை ஆகிய இரண்டு குடல் கிருமிகள்.

இந்த மரபணு இருந்தால், கடைசி ஆயுதமாக டாக்டர்கள் பூட்டி வைத்திருக்கும் "கார்பபெனம்" ஊசி கூட வேலை செய்யாது. மிச்சம் இருந்தது கோலிஸ்டின், டைஜிசைக்ளின் என்று இரண்டே மருந்துகள்.

இன்னொரு திடுக்கிடும் விஷயமும் உண்டு. இந்த மரபணுவை ஒரு கிருமி பக்கத்து கிருமிக்கு கைமாற்றி விடும். ஜெயிலில் பூட்டு உடைக்க ஒருத்தன் கற்றுக்கொண்டால் பக்கத்து செல்காரனும் கற்றுக்கொள்கிற மாதிரி.

பெயருக்கு சண்டை

என்.டி.எம். என்பதில் நடு எழுத்து டெல்லியை குறிக்கும். டெல்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியின் உடம்பில் முதலில் கண்டதால், 2009-ல் அந்த பெயரை வைத்தார்கள்.

"எங்கள் தலைநகரை கிருமிக்கு பெயராக வைப்பதா?" என்று பெரிய கூச்சல் எழுந்தது. வெளிநாட்டு நோயாளிகள் வருவதை கெடுக்கும் சதி என்றும் குரல் வந்தது. மத்திய அரசும் கண்டித்தது. பெயருக்கு நடந்த சண்டையில் கிருமியை மறந்துவிட்டார்கள்.

கிருமி மறக்கவில்லை. 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், டெல்லியில் தேங்கிய தண்ணீர் 171 இடங்களில் எடுத்து பார்த்தபோது 51-ல் இந்த மரபணு இருந்தது. 50 குழாய் தண்ணீரில் 2-ல் இருந்தது. ஆஸ்பத்திரி காம்பவுண்டு சுவரை அது எப்போதோ தாண்டிவிட்டது.

2012 ஆகஸ்டில் நாடு முழுவதும் உள்ள மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடின. மருந்து கடைகளில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதை தடுப்பது, ஆஸ்பத்திரி தொற்றை தடுப்பது எப்படி என்று திட்டம் போட்டன. அதற்கு "சென்னை பிரகடனம்" என்றே பெயர். 2014 மார்ச் முதல் சில ஆன்டிபயாடிக் மருந்துகளை "எச்-1" பட்டியலில் சேர்த்து, யாருக்கு விற்றார்கள் என்று மருந்து கடைக்காரர் தனி நோட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது.

மருந்து கடைக்கு நோட்டு வந்துவிட்டது. வார்டில் இருக்கும் பக்கெட்டுக்கு?

பூட்டும் புல்டோசரும்

இங்கேதான் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அது பலருக்கு தெரியாது.

ஆன்டிபயாடிக்குக்கு சாகாத கிருமி, பிளீச்சிங் பவுடருக்கு சாகும்!

அது எப்படி? ஆன்டிபயாடிக் மருந்து சாவி மாதிரி. கிருமியின் உடம்பில் ஒரே ஒரு பூட்டை குறி வைத்து போகும். கிருமி பூட்டை மாற்றிவிட்டால், அல்லது சாவியை உடைத்துவிட்டால், மருந்து தோற்றுவிடும். என்.டி.எம்.-1 செய்வது சாவியை உடைக்கும் வேலை.

குளோரின் அப்படி அல்ல. அது புல்டோசர். பூட்டு, கதவு, சுவர் என்று பார்க்காது. கிருமியின் மேல்தோல், உள்ளே இருக்கும் புரதம் எல்லாவற்றையும் பொசுக்கிவிடும். தப்பிக்க கிருமிக்கு பூட்டு மாற்றும் வித்தை உதவாது.

சரியான அளவு, சரியான நேரம் இருந்தால், சாதாரண கிருமி சாகிற மாதிரியே இந்த முரட்டு கிருமியும் சாகிறது என்பதுதான் பல நாட்டு பரிசோதனைகளின் முடிவு.

"சரியான அளவு, சரியான நேரம்." இந்த நாலு வார்த்தையில்தான் மொத்த வழக்கும் இருக்கிறது.

வாசனை சாட்சி ஆகாது

எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் காலையில் கேட்கக்கூடிய பேச்சு இது:-

"என்னக்கா, மருந்து கம்மியா தெரியுதே?"

"ஒரு பாட்டில்தான் தம்பி குடுத்தாங்க. மூணு வார்டு துடைக்கணும். தண்ணி சேத்துக்க வேண்டியதுதான். வாசனை வருதுல்ல?"

வாசனை வருகிறது. அதில் பொய் இல்லை. துடைக்கிற அக்கா மீதும் தப்பு இல்லை. மூன்று வார்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தவர் யார் என்பதுதான் கேள்வி.

ஆனால் வாசனை வேறு, வீரியம் வேறு. மூக்குக்கு தெரிகிற அளவு மருந்து, கிருமியை கொல்ல போதாமல் இருக்கலாம். கொல்லாத அளவு மருந்து சும்மாவும் இருக்காது. அது கிருமிக்கு தேகப்பயிற்சி. தப்பி பிழைத்த கிருமிகள், மருந்தை உள்ளே வர வர வெளியே தள்ளும் "பம்பு" வசதி உள்ளவையாக இருக்கும். சில கிருமிகளில் கிருமிநாசினியை எதிர்க்கும் மரபணுவும், ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவும் ஒரே மூட்டையில் சேர்ந்தே பயணம் செய்கின்றன.

டப்பாவில் உள்ள எண்

"கம்பெனிக்காரன் சோதனை பண்ணித்தானே விக்கிறான்?" என்று கேட்கலாம். சோதனை உண்டு. ஆனால் எந்த கிருமி மேல்?

பினாயில் டப்பாக்களில் "ஆர்.டபிள்யூ.சி." என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். லண்டனை சேர்ந்த ரிடியல், வாக்கர் என்ற இரண்டு பேர் 1903-ல் கண்டுபிடித்த சோதனை. அந்த காலத்து கார்பாலிக் அமிலத்தை விட இந்த சரக்கு எத்தனை மடங்கு வீரியம் என்று அது சொல்லும். எண் 5 என்றால் 5 மடங்கு.

அந்த சோதனையில் கொல்லப்படுவது டைபாய்டு கிருமி. அதுவும் சுத்தமான தண்ணீரில்.

இன்றைக்கு தீவிர சிகிச்சை வார்டில் ஆட்டம் போடுவது டைபாய்டு அல்ல. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் என்று வேறு கூட்டம். வார்டு தரையில் இருப்பது சுத்த தண்ணீரும் அல்ல. ரத்தம், சீழ், வாந்தி, மண்.

இந்த ஓட்டையை அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் மார்ட்டின் என்பவரும் 1908-ல், உலர்ந்த மலத்தூளை கலந்து சோதித்து பார்த்தார்கள். அழுக்கு சேர்ந்ததும் பல மருந்துகளின் வீரியம் இறங்கிப்போனது. அழுக்கு, மருந்தை தின்றுவிடுகிறது. கிருமிக்கு மிச்சம் கிடைப்பதில்லை.

ஆக, டப்பாவில் உள்ள எண் பொய் அல்ல. ஆனால் அது வேறு ஊர் வழக்கில் சொன்ன சாட்சி.

மருந்துக்குள்ளேயே குடித்தனம்

இதைவிட பகீர் என்று இருக்கும் சங்கதி ஒன்று உண்டு. கிருமிநாசினிக்குள்ளேயே கிருமி குடித்தனம் நடத்துவது!

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் லோபரி என்ற டாக்டர் 1951-ல் இதை எழுதி வைத்தார். புண் கழுவ வைத்திருந்த "செட்ரிமைடு" பாட்டிலை சோதித்தார். உள்ளே சூடோமோனாஸ் கிருமி உயிரோடு இருந்தது. பாட்டிலை அடைத்திருந்த கார்க்கு மூடியில் ஒளிந்திருந்து, கரைசலில் இறங்கியிருக்கிறது.

கொலையாளியை பிடிக்க வந்த போலீஸ் ஜீப்பிலேயே கொலையாளி உட்கார்ந்து போன கதைதான். புண்ணை சுத்தம் பண்ணுவதாக நினைத்து, கிருமியை தடவியிருக்கிறார்கள்.

அதன் பிறகு பல நாடுகளில் இதே மாதிரி நடந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய பாட்டிலில் மிச்சம் இருக்க, அதன் மேலேயே புது கரைசலை ஊற்றி நிரப்புவது.

99.9 கணக்கு

இப்போது சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பரிசோதனை கூடத்தில் கோடிக்கணக்கான கிருமிகளை ஒரு குழாயில் எடுப்பார்கள். அழுக்குக்கு பதிலாக கொஞ்சம் புரதம் சேர்ப்பார்கள். கிருமிநாசினியை விட்டு, கடிகாரம் பார்த்து 5 நிமிடமோ 10 நிமிடமோ வைப்பார்கள். பிறகு மருந்தை முறிக்கும் இன்னொரு திரவத்தை ஊற்றுவார்கள்.

இந்த முறிப்பு முக்கியம். முறிக்காவிட்டால், வளர்க்கும் தட்டிலும் மருந்து ஒட்டிக்கொண்டு போய் கிருமியை அமுக்கி வைக்கும். "கிருமி இல்லை" என்று பொய் சாட்சி வரும்.

கடைசியில் எத்தனை கிருமி உயிரோடு மிஞ்சியது என்று எண்ணுவார்கள். ஐரோப்பாவில் ஆஸ்பத்திரி கிருமிநாசினிக்கு இந்த சோதனையில் உள்ள விதி:- 1 லட்சம் கிருமிக்கு 1-க்கு மேல் மிஞ்சக்கூடாது. அதாவது 99.999 சதவீதம். சோதனை கிருமிகளில் டைபாய்டு கிடையாது. சூடோமோனாஸ் உண்டு, சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் உண்டு.

"99.9-க்கும் 99.999-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று கடைக்காரர் கேட்கலாம். கல்லாவில் கணக்கு பார்க்கிறவருக்கு சட்டென்று புரியும்.

10 லட்சம் கிருமி இருக்கிறது என்று வையுங்கள். 99.9 சதவீதம் செத்தால் 1,000 மிஞ்சும். 99.999 சதவீதம் செத்தால் 10 மிஞ்சும். ஈரமும் தீனியும் கிடைத்து அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பானால், அந்த 1,000 ஐந்து மணி நேரத்தில் திரும்பவும் 10 லட்சத்தை தாண்டிவிடும். காலையில் துடைத்த தரை மதியம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஈரம் இல்லாவிட்டாலும் இந்த கூட்டம் சீக்கிரம் சாவதில்லை. ஜெர்மன் நிபுணர்கள் 2006-ல் தொகுத்த கணக்குப்படி, உலர்ந்த பரப்பில் அசினெட்டோபாக்டர் 5 மாதம் வரை உயிரோடு இருக்கும். கிளெப்சியெல்லா 30 மாதத்துக்கு மேலும் தாக்குப்பிடித்திருக்கிறது. நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போய்விடுவார். கட்டில் கம்பியில் அவருடைய கிருமி அடுத்த ஆளுக்காக காத்திருக்கும்.

பத்து சொட்டு சோதனை

பரிசோதனை கூடத்தில் பாசான மருந்து வார்டில் பாசாகுமா? அதற்கு தனி சோதனை உண்டு. கெல்சி, மாரர் என்ற இரண்டு இங்கிலாந்து நிபுணர்கள் 1966-ல் சொன்னது. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

வார்டில் உபயோகத்தில் இருக்கும் பக்கெட்டில் இருந்தே 1 மில்லி கரைசலை எடுக்க வேண்டும். முறிப்பு திரவம் 9 மில்லியில் கலக்க வேண்டும். அதில் இருந்து இரண்டு தட்டுகளில் தலா 10 சொட்டு வைக்க வேண்டும். ஒரு தட்டை உடம்பு சூட்டில் 3 நாள், இன்னொன்றை சாதாரண அறையில் 7 நாள் வைக்க வேண்டும்.

ஏதாவது ஒரு தட்டில் 10 சொட்டில் 5-க்கு மேல் கிருமி முளைத்தால் பக்கெட் பெயில்!

அவ்வளவுதான். மைக்ரோபயாலஜி லேப் இருக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். லேப் இல்லாத ஆஸ்பத்திரி, இருக்கிற இடத்துக்கு அனுப்பலாம்.

3 நாள் காத்திருக்க முடியாது என்கிறவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. குளோரின் அளவு காட்டும் பட்டை காகிதம். பக்கெட்டில் முக்கி எடுத்தால் நிறம் மாறும். எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். இது கிருமியை எண்ணாது. ஆனால் பக்கெட்டில் இருப்பது மருந்தா, வெறும் தண்ணீரா என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

நல்ல சரக்கு வாங்கியும் பக்கெட் பெயிலாக ஐந்து காரணங்கள் உண்டு.

முதலாவது, அளவு. 5 சதவீத பிளீச் திரவத்தை 1 சதவீதம் ஆக்க, 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர். கண் அளவில் 9 பங்கு ஊற்றினால் வீரியம் பாதி.

இரண்டாவது, வயசு. புது பிளீச்சிங் பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 33 கிராம் போட்டால் 1 சதவீத கரைசல் கிடைக்கும். சாக்கை திறந்து போட்டால் சென்னை வெயிலும் கடற்கரை ஈரக்காற்றும் குளோரினை ஆவியாக்கிவிடும். அது 15 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் அதே 33 கிராமை போட்டால், கணக்கு சரி, கரைசல் தப்பு. கலந்து வைத்த கரைசலும் அப்படித்தான். அன்றன்றைக்கு புதிதாக கலக்க வேண்டும்.

மூன்றாவது, அழுக்கு. ரத்தத்தின் மேல் நேராக மருந்தை ஊற்றினால் மருந்து ரத்தத்தோடு சண்டை போட்டு தீர்ந்துவிடும். முதலில் அழுக்கை எடுத்து, பிறகு மருந்து. ஒரே பக்கெட்டில் பத்து அறையை துடைத்தால், பத்தாவது அறைக்கு போவது முதல் ஒன்பது அறையின் அழுக்கு.

நான்காவது, நேரம். 10 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று பாட்டிலில் போட்டிருக்கும். "பேஷண்ட் வெயிட் பண்றாங்க, சீக்கிரம்" என்று உடனே துணியால் துடைத்து எடுத்துவிட்டால், கிருமி தப்பியது.

ஐந்தாவது, துணி. சில வகை கிருமிநாசினிகளை பருத்தி நூல் இழுத்து வைத்துக்கொள்ளும். பக்கெட்டில் இருக்கும் மருந்து துடைப்பத்தில் தங்கிவிடும், தரைக்கு போகாது.

திருப்பூர் பாடம்

சோதிக்காமல் தெளித்தால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

கொரோனா ஊரடங்கு நேரம். 2020 ஏப்ரல் முதல் வாரம். திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினி சுரங்கம் வைத்தார்கள். உள்ளே நடந்து போனால் மேலே இருந்து மருந்து புகையாக கொட்டும். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஊர் ஊராக சுரங்கம் முளைத்தது.

அதே மாதத்தில் தமிழக பொது சுகாதாரத்துறை "வேண்டாம்" என்றது. ஏப்ரல் 18-ந்தேதி மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள் மேல் மருந்து தெளிக்கக்கூடாது என்று அறிவித்தது. உடம்புக்குள் போய்விட்ட வைரசை சட்டை மேல் விழும் மருந்து எப்படி கொல்லும்? கண்ணெரிச்சலும் இருமலும்தான் லாபம்.

நல்ல எண்ணத்தில் செய்தார்கள். சோதனை மட்டும் இல்லை.

தரையை சுரண்டினால் போதுமா?

மறுபக்க வாதமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

தரை, சுவர், ஜன்னல் என்று கண்ட இடத்தில் எல்லாம் மாதாமாதம் சுரண்டி எடுத்து கிருமி வளர்ப்பது வீண் செலவு என்பது அமெரிக்க நோய் தடுப்பு மையத்தின் கருத்து. தரையில் எப்போதும் ஏதாவது கிருமி இருக்கத்தான் செய்யும். அதை விட டாக்டர், நர்சு, உறவினர் ஆகியோரின் கைதான் கிருமியை ஏற்றிச்செல்லும் பஸ். கை கழுவாமல் தரையை மட்டும் பளபளக்க வைத்து புண்ணியம் இல்லை.

இது நியாயமான பேச்சு. ஆனால் தரையை சோதிப்பது வேறு, பக்கெட்டை சோதிப்பது வேறு. தரை மாறிக்கொண்டே இருக்கும். பக்கெட் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அதில் என்ன கலந்தோம், அது வேலை செய்கிறதா என்று தெரிந்து வைத்திருப்பது அடிப்படை கடமை.

பெயருக்கு சொந்தக்காரர்

தரமணி நிலையத்துக்கு யார் பெயர்? டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார். 27 ஆண்டு சென்னை பல்கலைக்கழக துணைவேந்தராக இருந்தவர். அதற்கு முன்னால் அவர் பிரசவ டாக்டர். பிரசவ மருத்துவத்துக்கு பாடப்புத்தகம் எழுதியவர்.

கிருமிநாசினியின் கதையும் பிரசவ வார்டில்தான் தொடங்கியது. வியன்னா நகரம், 1847-ம் ஆண்டு. டாக்டர்கள் பார்த்த பிரசவ வார்டில் ஏப்ரல் மாதம் 100 தாய்மாரில் 18 பேர் செத்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதை செம்மல்வைஸ் என்ற டாக்டர் கவனித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு கரைசலில் கை கழுவ வைத்தார். ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 ஆக இறங்கியது.

அவர் பெரிய தத்துவம் பேசவில்லை. மருந்து போடுவதற்கு முன் எத்தனை சாவு, போட்ட பின் எத்தனை சாவு என்று எண்ணினார். அதுதான் சோதனை. பெரிய டாக்டர்கள் அவரை நம்பவில்லை. 1865-ல் மனநல விடுதியில் செத்துப்போனார்.

அவர் பயன்படுத்தியதும் இன்றைய பிளீச்சிங் பவுடரும் ஒரே ஜாதி சரக்கு.

என்ன செய்ய வேண்டும்?

2024 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான கிருமிகளின் புது பட்டியலை வெளியிட்டது. கார்பபெனத்துக்கு அடங்காத அசினெட்டோபாக்டரும், கிளெப்சியெல்லா வகை குடல் கிருமிகளும் அதில் முதல் வரிசை. தரமணியில் 2010-ல் பிடிபட்ட கூட்டம், "மிக ஆபத்து" பட்டியலில் இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. சபையில் எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரு உறுதி எடுத்தன. மருந்துக்கு அடங்காத கிருமிகளோடு தொடர்புள்ள சாவுகள் 2019-ல் மட்டும் உலகத்தில் 49 லட்சத்து 50 ஆயிரம். அதை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பது என்பதே அந்த உறுதி.

ஐ.நா.வில் எடுத்த உறுதி வார்டுக்கு வந்து சேர வேண்டாமா?

சுத்தமான அரசு ஆஸ்பத்திரிகளுக்கு பரிசு கொடுக்கும் "காயகல்ப்" திட்டம் 2015-ல் இருந்து இருக்கிறது. பரிசு குழு வரும் நாளில் எல்லா ஆஸ்பத்திரியும் பளபளக்கும். குழு போன பிறகு, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் பக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பெரிய செலவு இல்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று. கலக்கும் இடத்தில் அளவு குவளையும், தமிழில் எழுதிய அளவு பலகையும். வார்டுக்கு தேவையான அளவு மருந்து. மாதம் ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் பத்து சொட்டு சோதனை.

அந்த சோதனையின் முடிவை வார்டு நோட்டீஸ் போர்டில் தேதியோடு ஒட்ட வேண்டும். ஓட்டலில் விலைப்பட்டியல் மாட்டும்போது, ஆஸ்பத்திரியில் பக்கெட் முடிவை மாட்டினால் என்ன குறைந்துவிடும்? பெயிலான மாதம் துப்புரவு ஊழியரை சஸ்பெண்டு பண்ணி கணக்கை முடித்துவிடவும் கூடாது. மருந்து எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற ஸ்டோர் ரூம் நோட்டில் இருந்துதான் விசாரணை தொடங்க வேண்டும்.

வீட்டுக்கும் இதே கதைதான்

வீட்டில் பினாயில் ஊற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பாட்டிலில் போட்ட அளவை பாருங்கள். அழுக்கை முதலில் எடுங்கள். சில நிமிடம் ஊற விடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். விஷ வாயு கிளம்பும்.

ஆஸ்பத்திரிக்கு போகிறவர்கள் நர்சம்மாவிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்:- "சிஸ்டர், இந்த மருந்து எப்போ கலந்தது? டெஸ்ட் பண்ணி பாத்தீங்களா?"

பதில் வந்தால் நல்ல ஆஸ்பத்திரி. பதில் வராவிட்டால், நோயாளியை தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் கையை சோப்பு போட்டு கழுவிக்கொள்வது நல்லது.